வெள்ளைச் சீட்டுச் செடிகளுக்கு என்ன குறை?

அந்தப் பசுமைக்குடிலில் இருந்த அறுபது தக்காளிச் செடிகளில் முப்பதுக்கு ராஜ உபசாரம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சீட்டு ஒட்டிய தொட்டிகள் அவை. வேளைக்குத் தண்ணீர், அளவாக உரம், பூச்சி அண்டாமல் வலை, வெயில் ஏறினால் தலைக்கு மேல் நிழல்துணி. மற்ற முப்பது தொட்டிகளுக்குச் சிவப்புச் சீட்டு. அவற்றுக்கும் இருபத்தைந்து நாள் வரை எல்லாம் கிடைத்தது. இருபத்தாறாம் நாளிலிருந்து சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். அவை யார் குடியையும் கெடுத்துவிடவில்லை. ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் ஒருவர் கஷ்டப்பட வேண்டும், இன்னொருவர் சுகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கஷ்டம் எவ்வளவு என்று அளந்து பார்க்க முடியும்.

சீட்டு ஒட்டாமலே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த ஆள் ஒருவரும் அங்கே இருந்தார். அவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். டாக்டர் பட்டம் வாங்காமல் ஓயமாட்டேன் என்று நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, முப்பத்தாறு வயதில் இந்த ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். இப்போது நாற்பத்திரண்டு. அவருக்குப் பின்னால் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் பட்டம் வாங்கி, கல்யாணம் செய்து, கைக்குழந்தையோடு ஆய்வகத்தைப் பார்க்க வந்து, "சார், நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த அன்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு நீட்டிப்புக் கொடுத்திருந்தது. இதற்கு மேல் கேட்க வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டார்கள். இன்னும் நாற்பத்து மூன்று நாளில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருட உழைப்பும் தண்ணீரில் போட்டதுதான்.

கஷ்டம் வந்தால் செடிக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தண்ணீர் இல்லாமல் வெயிலில் நிற்கிற இலைக்குள் ஆக்சிஜனுக்குப் புத்தி கெட்டுவிடும். நாம் மூச்சு விடுகிற அதே ஆக்சிஜன்தான். ஓர் எலெக்ட்ரான் கூடுதலாக ஒட்டிக்கொண்டால் போதும், கண்ணில் பட்டதையெல்லாம் அரிக்க ஆரம்பித்துவிடும். அதை அடக்கச் செடி சில நொதிகளை வேலைக்கு வைத்திருக்கிறது. முதல் நொதியின் பெயர் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிச் செடி வாடிவிடும். அது பெரிய ரகளையைச் சின்ன ரகளையாக, அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடாக, மாற்றும். அடுத்து வருகிற கேட்டலேஸ் அந்தச் சின்ன ரகளையைத் தண்ணீராகவும் நல்ல ஆக்சிஜனாகவும் பிரித்து அனுப்பிவிடும். ஒருநாள் வாத்தியார் இதையெல்லாம் மனைவிக்கு விளக்கினார். அவள் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம வீட்ல இந்த ரெண்டு வேலையையும் நான் ஒருத்திதானே பாக்கறேன்?" என்றாள்.

ஆக, கஷ்டப்படுகிற செடியில் நொதிகள் ஏறியிருக்க வேண்டும். சுகவாசிச் செடியில் இறங்கியிருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் வாத்தியாரின் பட்டம். அந்தத் தூரத்தைத்தான் காணோம். வெள்ளைச் சீட்டுச் செடிகளிலும் நொதிகள் எகிறிக் கிடந்தன. சிவப்புக்கும் வெள்ளைக்கும் நூலிழைதான் வித்தியாசம். மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் அதே கதை.

ஆய்வகத்தில் உடனே ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வாத்தியாருக்குக் கைராசி இல்லை. இலையைப் பறித்ததும் திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்க வேண்டும். பனிக்கட்டி மேல் வைத்த பீங்கான் உரலில், உருகுவதற்கு முன்னால் மாவாக அரைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் நொதி கெட்டுவிடும். சுண்ணாம்புக்கட்டி பிடித்த கைக்கு இந்த வேகம் வருமா என்று அவர் காதுபடவே பேசினார்கள். வாத்தியார் இரவல் கையைப் பார்ப்பதுபோல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பேச்சைப் பேராசிரியைதான் நிறுத்தினார். ஆய்வகமே அவருடையது. எல்லோரும் மேடம் என்பார்கள். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார், இன்னும் தாழ்த்துவார். அதனால் அவர் மெதுவாகப் பேசினாலே ஆட்கள் நழுவ வழி பார்ப்பார்கள்.

"கை சரியில்லைன்னா அளவு குறையும். ஏறாது," என்றார். பிறகு வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, உரலை இழுத்துத் தானே அரைத்தார். பத்து வருடமாக உரலைத் தொடாதவர் அரைத்த அரைப்பை ஆய்வகமே சுற்றி நின்று பார்த்தது. முடிவு வந்தது. வாத்தியாருக்கு வந்த அதே எண்.

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஆனால் மேடத்தின் குரல் தாழ்ந்துவிட்டது.

"இப்ப ரெண்டே வழிதான். ஒண்ணு, இயற்கை தப்பு பண்ணுது. இல்லைன்னா என் குடில்ல யாரோ செடிமேல கை வைக்கிறாங்க. இயற்கை தப்பு பண்ணி நான் பாத்ததில்ல. யாருன்னு கண்டுபிடிங்க வாத்தியாரே. படிக்கிற ஆளா இருந்தா என் ஆய்வகத்துல இடமில்ல. வேலையாளா இருந்தா திங்கக்கிழமையிலேருந்து வரவேண்டாம்."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, மண்கலவை மூட்டைகளுக்குப் பின்னால் வாத்தியார் ஒளிந்துகொண்டார். பக்கத்து ஆய்வகத்துக்காரர் ஒருவர்மேல்தான் அவருக்குச் சந்தேகம். போன வருடம் பனிக்கட்டி இயந்திரத்துக்காக இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்தது. அந்த ஆள் பழிவாங்க வந்து வெள்ளைச் செடிகளுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவதாகவும், தான் பாய்ந்து பிடிப்பதாகவும் இரண்டு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார். இரண்டாவது முறை பிடி இன்னும் நன்றாக அமைந்தது. மூட்டைத் தூசு மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. தும்மலை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. வந்தது குடில்காரம்மா.

குடிலைப் பெருக்கி, தண்ணீர் ஊற்றி, கதவு பூட்டுகிற வேலை அவருக்கு. முப்பத்து மூன்று வயதிருக்கும். ஒரு நாற்றுப் பண்ணையில் பத்து வருடம் இருந்தவர். பண்ணையை மூடிவிட்டதால் இங்கே வந்தார். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் தலை காட்டுவார். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சமைத்து வைத்துவிட்டு இவர் நேராகக் குடிலுக்கு வந்துவிடுவார். வாத்தியார் எப்போதும் பதினொரு மணிக்கு இலை பறிக்க வருகிறவர். அதனால் குடில்காரம்மாவை அவர் வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும் கோலத்தில்தான் பார்த்திருக்கிறார்.

சூட்டை வெளியே தள்ளுகிற காற்றாடியைப் போட்டார் குடில்காரம்மா. வெள்ளைச் சீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். சிவப்புச் சீட்டு வரிசையைக் கடக்கும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார். பிறகு சுவரில் ஆணியில் மாட்டியிருந்த நீளமான துடைப்பத்தை எடுத்தார். குச்சித் துடைப்பம் அல்ல, மெல்லிய நார் வைத்தது. உதறினார். வெள்ளைச் செடிகளின் தலைமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போனார். செடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன.

"ஒண்ணு," என்றார் குடில்காரம்மா. திரும்பி வந்தார். "ரெண்டு."

வாத்தியாருக்குத் தும்மல் நின்றுவிட்டது. பதினேழு வரை பொறுத்தார். அதற்குமேல் முடியாமல் மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்து, "என்னம்மா பண்றீங்க!" என்று கத்தினார்.

குடில்காரம்மா திடுக்கிட்டார். ஆனால் கை நிற்கவில்லை. "இருங்க சார், இன்னும் மூணு பாக்கி," என்று சொல்லி இருபதை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். "அங்க மூட்டைக்குப் பின்னால நீங்க என்ன பண்றீங்க?"

"அத விடுங்க. துடைப்பத்தால என்ன பண்றீங்க?"

"தடவி விடறேன். பாத்தா தெரியலையா? இங்க காத்து கிடையாது. மழை கிடையாது. ஒரு ஆடு வந்து உரசறது கிடையாது. இப்படியே விட்டா ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுன்னு வளந்து தலை சாஞ்சிடும். தினம் ரெண்டு வேளை தடவி விட்டாத்தான் தண்டு தடிக்கும். நாத்துப் பண்ணையில எல்லாருக்கும் தெரியுமே இது."

நாற்றுப் பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் பட்டம் வாங்கிய நான்கு பேரும் வாங்கப்போகிற ஏழு பேரும் இருந்த அந்த ஆய்வகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"எத்தனை நாளா?"

"முளைச்ச பத்தாம் நாள்லேருந்து."

"அப்ப சிவப்புச் சீட்டுச் செடி? அதையும் தடவினீங்களா?"

குடில்காரம்மாவின் முகம் மாறியது. "அதுங்களையா? பொறக்கும்போதே சிவப்புச் சீட்டு ஒட்டிட்டீங்க. பின்னால என்ன ஆகப்போகுதுன்னு எனக்குத் தெரியும், அதுங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நாளாவது நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டேன் சார். அதுங்களத் தொடப்பத்தால வேற அடிக்கணுமா? எனக்கு மனசு வரல."

வாத்தியார் பக்கத்தில் இருந்த கவிழ்த்த தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "யாரைக் கேட்டுப் பண்ணீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்க நினைத்தது, கெஞ்சுவதுபோல் வந்தது.

குடில்காரம்மா சுவரைக் காட்டினார். அங்கே ஓர் அட்டை தொங்கியது. பதினைந்து வருடம் கரும்பலகையில் எழுதிப் பழகிய குண்டு குண்டான கையெழுத்து. "வெள்ளைச் சீட்டுச் செடிகளை நன்றாகக் கவனித்துக்கொள்ளவும். அவற்றுக்கு எந்தக் குறையும் வரக்கூடாது." அடியில் வாத்தியாரின் கையொப்பம், தேதியோடு.

"எழுதினது நீங்கதானே?" என்றார் குடில்காரம்மா. "ஒரு குறை வெச்சேனா சொல்லுங்க."

ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் வினை. துடைப்பம் பாசத்தோடு வருகிறதா பகையோடு வருகிறதா என்று செடி பார்ப்பதில்லை. யாரோ போட்டு உலுக்குகிறார்கள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். உலுக்கியவுடன் உள்ளே ஆக்சிஜன் புத்தி கெடும், நொதிகள் ஓடிவரும். காலையில் இருபது, மாலையில் இருபது. வெள்ளைச் சீட்டுச் செடிகள் சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல் தினமும் நாற்பது அடி வாங்கிக்கொண்டிருந்தன. வாத்தியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, 'வேலையாளா இருந்தா திங்கக்கிழமையிலேருந்து வரவேண்டாம்' என்ற தாழ்ந்த குரல்தான் காதில் ஒலித்தது.

மனதுக்குள் நாளை எண்ணிப் பார்த்தார். புது விதை போட்டால் செடி வளர இருபத்தைந்து நாள், வாட ஒரு வாரம், அரைத்து அளக்க ஐந்து நாள். மிச்சத்தில் எழுதிவிடலாம். மூச்சுவிட நேரம் இருக்காது, ஆனால் முடியும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

"இனிமே துடைப்பம் வேண்டாம்மா," என்றார். "புதுசா விதை போடப்போறோம். இந்தப் பழைய செடிங்களுக்கு நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்."

"நெட்டையா போயிடும் சார்."

"போகட்டும்."

குடில்காரம்மா துடைப்பத்தை ஆணியில் மாட்டினார். தன் சமையலைச் சாப்பிடாமல் ஒருவர் எழுந்துபோனதுபோல் அவர் முகம் இருந்தது. மேடத்திடம் வாத்தியார், "பராமரிப்புல என் பக்கம் ஒரு தப்பு மேடம், சரி பண்ணிட்டேன்," என்றார். பொய் இல்லை. உண்மையென்றும் சொல்லமுடியாது. மேடம் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "என்ன தப்புன்னு எழுதிக் குடுங்க," என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டார்.

புது விதைகள் முளைத்தன. பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள், புது நாற்றுகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த வாத்தியார் ஏதோ நினைவில் திரும்பினார். குடிலின் கோடியில் பழைய வெள்ளைச் சீட்டுச் செடிகள் நின்றுகொண்டிருந்தன.

"இதுங்களுக்குத் தண்ணி ஊத்தறீங்களா?" என்று கேட்டார்.

"நீங்கதானே ஒண்ணுமே பண்ண வேண்டாம்னீங்க," என்றார் குடில்காரம்மா. "அன்னிலேருந்து ஒரு சொட்டு கிடையாது. நான் அந்தப் பக்கம் பாக்கறதையே விட்டுட்டேன்."

வாத்தியார் தொட்டிக்குள் விரலை விட்டார். மண் பொடியாக உதிர்ந்தது. சிவப்புச் சீட்டுச் செடிகள் ஏழாம் நாளே மண்டியிட்டுவிட்டன. இவை அதே நாளில் போட்ட அதே விதை, அதே தொட்டி, அதே மண். இன்று பத்து நாள் தாண்டிவிட்டது. நுனி இலை கொஞ்சம் சுருண்டிருந்தது, அவ்வளவுதான். தண்டு சுண்டுவிரல் பருமனுக்கு நிமிர்ந்து நின்றது. அவர் நான்கு இலையைப் பறித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினார். நாற்பத்திரண்டு வயது ஆள் நைட்ரஜன் குடுவையோடு நடைகூடத்தில் ஓடுவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள்.

மாலைக்குள் விடை வந்துவிட்டது. இலைக்குள் அரிப்பு இல்லை. நொதிகள் உயரத்திலேயே இருந்தன. துடைப்பத்துக்குப் பயந்து ஓடிவந்த நொதிகள் வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கின்றன. வறட்சி வந்தபோது ஆள் தயாராக இருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக, தனக்கு முன்னால் இந்த ஆய்வகத்தில் யாரும் பார்க்காத ஒன்றை வாத்தியார் பார்த்திருந்தார். அழுகை வரும்போல் இருந்தது. கூடவே பயமும் வந்தது. இதை எழுதவேண்டுமென்றால் துடைப்பத்தை எழுதவேண்டும். துடைப்பத்தை எழுதினால் அதைப் பிடித்த கையையும் எழுதவேண்டும்.

குடிலுக்குத் திரும்பிப்போய்க் குடில்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மேடம் சொன்ன திங்கள்கிழமையையும் சேர்த்துச் சொன்னார்.

"அப்ப என் செடிங்க ஜெயிச்சிடுச்சா?" என்றார் குடில்காரம்மா.

"ஜெயிச்சிடுச்சு. ஆனா சொன்னா உங்க வேலை போயிடும்மா. சொல்லாட்டி ஒண்ணும் ஆகாது."

"நான் என்ன திருடினேனா? செடியத்தானே வளத்தேன்? போய்ச் சொல்லுங்க சார். வேலை போனா வீட்ல கஷ்டம்தான், இல்லைன்னு சொல்லல. அதுக்காக, நான் செஞ்ச வேலைய நான் செய்யலன்னு என்னால இருக்க முடியாது."

அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் வாத்தியார் அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பாவம், இரண்டு பிள்ளைகள் இருக்கிற குடும்பம், நம்மால் ஒரு பிழைப்பு கெடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேட்க மிகவும் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர், அதை அப்படியே மனைவியிடம் சொன்னார். தையல்காரி ஒரு கல்யாணக் கவுனுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையக் குண்டூசி. அதனால் அவரால் தடங்கலில்லாமல் பேச முடிந்தது. முடிந்ததும் அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். அவருக்கு ஒவ்வொன்றும் குத்தியது.

"சொல்லலைன்னா பட்டம் கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"சொன்னா?"

"எல்லாத்தையும் திரும்பச் செஞ்சு பாக்கணும். ஆறு மாசமாவது ஆகும். மேடம் மனசு வெச்சு எழுதிக் கேட்டா குடுப்பாங்களோ என்னவோ. இல்லைன்னா பதிவு ரத்து. ஒண்ணும் இல்ல."

"அந்தம்மா சொல்லுங்கன்னுட்டாங்க."

"ஆமா. ஆனா அவங்க குடும்பத்த நெனச்சா..."

"அவங்க குடும்பத்த அவங்க நெனச்சுட்டாங்க. நீங்க யார நெனச்சுப் பயப்படறீங்க?"

வாத்தியார் தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"ஆறு வருசமா இந்த மெஷினோட மல்லுக்கட்டறேன்," என்றாள் தையல்காரி. குரலில் சண்டை இல்லை, அதனால் இன்னும் உறைத்தது. "உங்களுக்குப் பட்டம் வரணும்னு உங்களவிட எனக்குத்தான் ஆசை. நாளைக்கு யாராவது உங்கள டாக்டர்னு கூப்பிடுவாங்க. அப்ப உங்க மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்கு இப்பவே தெரியுது. அந்த மூஞ்சியோட என்னால குடும்பம் நடத்த முடியாது. சாப்பிட்டுட்டுப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

அவர் சாப்பிடாமலே போனார். மேடத்தின் அறையில் நின்றுகொண்டே சொன்னார்.

"செடிமேல யாரோ கை வைக்கிறாங்கன்னு சொன்னீங்களே மேடம். கை இல்ல. துடைப்பம்."

மேடம் பேனாவை மூடினார். வாத்தியார் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்து, சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த அட்டையையும் மேஜைமேல் வைத்தார். "இந்த உத்தரவு என்னுது. நான் எழுதினதத்தான் அவங்க செஞ்சாங்க. யாராவது வெளிய போகணும்னா அது நான்தான்."  பதின்மூன்று நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

மேடம் எழுந்தார். குடிலை நோக்கி அவர் நடந்த நடையைப் பார்த்து, வழியில் இருந்தவர்கள் எல்லாம் திடீரென்று வேலை செய்ய ஆரம்பித்தார்கள். வாத்தியார் பின்னால் ஓடினார்.

குடில்காரம்மா எழுந்து நின்றார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார், சண்டைக்குத் தயார் என்பதுபோல.

"நீங்க திங்கக்கிழமையிலேருந்து..." என்று மெதுவாக ஆரம்பித்த மேடம், பாதியில் நிறுத்தினார். அவர் கண் கோடியில் நின்ற செடிகள்மேல் விழுந்துவிட்டது. கிட்டே போனார். தொட்டியில் விரலை விட்டார். விரல் நுனியில் ஒட்டாமல் உதிர்ந்த மண்ணைப் பார்த்தார். சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தார். குனிந்து தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இருந்த இடம் காலியாக இருந்தது.

"எத்தனை நாளா தண்ணி இல்ல?"

"இன்னியோட பதிமூணு நாள் மேடம்," என்றார் வாத்தியார்.

மேடம் அவரைக் கவனிக்கவில்லை. குடில்காரம்மா பக்கம் திரும்பி, "ஒரு வேளைக்கு எத்தனை தடவை?" என்று கேட்டார்.

"இருபது. போக பத்து, வர பத்து."

"இருபதுன்னு யார் சொன்னது?"

"முப்பது போனா இலை கிழியும். பத்து பத்தாது. பண்ணையில கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிட்டதுதான்."

மேடம் வாத்தியாரிடம் கையை நீட்டினார். அவர் அவசரமாகத் தன் குறிப்பேட்டையும் பேனாவையும் கொடுத்தார். மேடம் நின்றபடியே எழுதிக்கொண்டார். "எந்த வேகத்துல?" எழுதினார். "செடிக்கு மேல எவ்வளவு உயரத்துல?" எழுதினார். "எவ்வளவு அழுத்தம் குடுப்பீங்க?"

"அழுத்தம்னா?"

"எவ்வளவு பலமா அழுத்தித் தடவறீங்க? அத எண்ணாச் சொல்லணும். இல்லைன்னா எழுத முடியாது. எழுதலைன்னா எவனும் நம்பமாட்டான்."

குடில்காரம்மா யோசித்தார்.  பிறகு ஆணியிலிருந்து துடைப்பத்தை எடுத்து உதறினார்.

"கைய நீட்டுங்கம்மா," என்றார்.

 அந்த ஆய்வகத்தில் மேடத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. மேடம் குறிப்பேட்டை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு, முழங்கைவரை சட்டையை ஏற்றிக்கொண்டு, கையை நீட்டினார்.

குடில்காரம்மா துடைப்பத்தை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்தார். "ஒண்ணு. எழுதிக்குங்க சார், இவ்வளவுதான் அழுத்தம்." திரும்ப விரலிலிருந்து முழங்கைக்கு. "ரெண்டு."

வாத்தியார் என்னத்தை எழுதுவார்? மேடத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவையில் மேடத்தின் தோள் இறங்கியது. ஒன்பதில் நெற்றிச் சுருக்கம் பிரிந்தது. பன்னிரண்டில் கண்ணை மூடிக்கொண்டார். குடில்காரம்மா யாருக்காகவும் வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இருபதில் துடைப்பம் நின்றது.



"ஆறு மாசம் கேட்டு நானே எழுதறேன் வாத்தியாரே," என்றார் மேடம், கண்ணைத் திறக்காமல். "குடுக்கலைன்னா நேர்ல போய் உக்காந்துக்கறேன். திங்கக்கிழமையிலேருந்து இவங்கதான் உங்களுக்கு இதச் சொல்லிக்குடுக்கணும். நீங்க தனியா துடைப்பத்தத் தொடக்கூடாது."

வாத்தியார் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 

"அவ்வளவுதானே மேடம்?" என்று கேட்டுவிட்டுக் குடில்காரம்மா துடைப்பத்தை மாட்டப் போனார்.

"ஒரு தடவை செஞ்சத வெச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாது," என்றார் மேடம். மற்ற கையின் சட்டையையும் முழங்கைவரை ஏற்றிக்கொண்டு நீட்டினார்.